அயிரை மீனும் பேஸ் கிட்டாரும்

ஜூலை 7, திங்கள்

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்ததால் பேப்பர் பார்க்க நேரமாகிவிட்டது. உள்பக்கத்தில் தம்பியின் படம், அரைப் பக்கத்துக்கு. நரைத்த முடியைப் பின்னால் முடிந்துகொண்டு, மைக்கைக் கடித்துவிடுகிறவன் போல நிற்கிறான். ‘ராக் அழகு — இறுதி மேடை. ஆகஸ்ட் 2, மதுரை.’ டிவிக்காரர்கள் நடத்துகிறார்கள். மும்பையிலிருந்து ஒரு கிட்டார் கலைஞர், சென்னையிலிருந்து பாடகி ராஜஸ்ரீ, வயலினுக்கு அனந்தபத்மநாபன் என்று வரிசையாகப் பெரிய பெயர்கள். விநாயகர் சதுர்த்தியன்று ஒளிபரப்பாம்.

ஊருக்கு அவன் ராக் அழகு. எனக்கு அழகுபாண்டி. சளி பிடித்தால் இன்னும் என்னிடம்தான் கேட்பான், எதைக் குடிக்க வேண்டும் என்று. கேட்பான் என்றா எழுதினேன்? கேட்டுக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படித்துக்கொண்டு வருவார். தம்பி படம் இருக்கும் பக்கத்தை எட்டுவதற்கு முன்னேயே மடித்து வைத்துவிட்டார்.

“முடிச்சிட்டீங்களா?”

“கண்ணு எரியுது.”

ஜூலை 9, புதன்

திவ்யா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். “அம்மா, மாமா கச்சேரிக்குப் போறீங்கள்ல?”

“உங்கப்பாவைக் கேளு.”

“அப்பாவைக் கேட்டா உங்கம்மாவைக் கேளுங்கிறாரு. நீங்க ரெண்டு பேரும் என்ன ஆபீஸா நடத்துறீங்க, கவுண்டர் மாத்திவிட?”

அவள் கல்யாணத்தில் வந்த வினைதான் இதெல்லாம். தாய்மாமன் தட்டு தூக்கி வரவேண்டிய நேரத்தில் அவன் எங்கோ வெளிநாட்டு மேடையில் பாடிக்கொண்டிருந்தான். நகை வந்து சேர்ந்தது, ஆள் வரவில்லை. பெரியப்பா மகன் தட்டைத் தூக்கினார். அன்றிலிருந்து இவர் வாயில் ‘மாப்ள’ போய் ‘உன் தம்பி’ வந்துவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் மட்டும் அவனோடு போனில் பேசுவேன்.

“நானே அதை மறந்துட்டேன்மா” என்றாள் திவ்யா. கல்யாணப் பெண் மறந்துவிட்டாள். பெண்ணின் அப்பா மறக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தம்பியின் மேனேஜர் அசோக்குமார் என்று ஒருவர் போன் செய்தார். மரியாதையான பிள்ளை. “டீச்சரம்மா, அண்ணன் ஒரே ஒரு ஆசை சொல்லியிருக்கார். ‘கடைசி பஸ்’ பாட்டுக்கு மட்டும் சார் மேடைக்கு வந்து பேஸ் வாசிக்கணும்னு.”

‘கடைசி பஸ்’ இவரும் தம்பியும் கல்லூரியில் படிக்கும்போது சேர்ந்து கட்டிய பாட்டு. உசிலம்பட்டியில் எழுமலை பஸ்ஸை விட்டுவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த அன்று பிறந்ததாம். முதலில் இவருடைய பேஸ் கிட்டார் மட்டும் தனியாக வரும், ஓரமாக நின்று உறுமுகிற பஸ் எஞ்சின் மாதிரி. அப்புறம்தான் தம்பி, ‘போர்டு இல்லாத பஸ்ஸு, அது போற ஊரு நம்ம ஊரு’ என்று ஆரம்பிப்பான். தம்பி சென்னைக்குப் போனான். இவர் மின்வாரியத்துக்குப் போனார், என்னையும் கட்டிக்கொண்டார். அதில் யாருக்கும் வருத்தமில்லை. தட்டு விஷயத்தில்தான் வருத்தம்.

அசோக்குமார் என் வாட்ஸப்புக்கு இரண்டு பாஸ் அனுப்பினார். கட்டம் கட்டமாக ஏதோ கறுப்புப் படம் போட்டது. இவரிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார். “வீட்டு மாப்பிள்ளைய பாஸ் குடுத்துக் கூப்பிடுற ஊரு எங்கிட்டு இருக்கு? சர்க்கஸுக்கா கூப்பிடுறான்?”

“வேலை ஜாஸ்தியா இருக்கும், அதான் ஆள் விட்டுக் கூப்பிடுறான்.”

“அவன் வாசலுக்கு வரட்டும். வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடட்டும். போறேன். வாசிக்கிறேன். அம்புட்டுத்தான்.”

ஜூலை 14, திங்கள்

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கம் வீட்டு மாப்பிள்ளையை விசேஷத்துக்கு மச்சினன் நேரில் வந்துதான் அழைக்க வேண்டும். பக்கத்துத் தெருவாக இருந்தாலும் அதுதான் முறை.

தம்பியிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். “நீ சொல்லி அவன் வந்தா, அது வந்ததா கணக்கா? சொல்லிக்குடுத்து எழுதுன பரீட்சைக்கு நீ மார்க் போடுவியா?”

என் ஆயுதத்தாலேயே என்னை அடித்துவிட்டார். சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

இவர் கரண்ட் பில் கட்டக் காளவாசல் போய்வந்தார். மின்வாரியத்திலேயே வேலை பார்த்த மனுஷர் — பில் என் போனில்தான் கட்டுகிறோம் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. சட்டைப் பைக்குள் வட்டமாகச் சுருட்டிய கவர். பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி.

“பில் எம்புட்டு வந்துச்சு?” என்று மட்டும் கேட்டேன். “கூட்டம். கட்டல” என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

பீரோவுக்கு மேலிருந்த கிட்டார் இறங்கிவிட்டது. அதன் ஒலிபெருக்கிப் பெட்டி என்றோ புகைந்துபோனது, அப்படியே கிடக்கிறது. கரண்ட் இல்லாத பேஸ் கிட்டாருக்குச் சத்தமே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும், பூனை தூங்குகிற மாதிரி. நான் கடைக்குப் போகும்போது எடுக்கிறார், செருப்புச் சத்தம் கேட்டால் வைத்துவிடுகிறார். இன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். ஜன்னல் ஓரம் நின்று கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் விரல் தடுமாறியது. மறுபடி. மறுபடி. மறுபடி. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, தப்பு விட்ட இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார்.

வாசிக்கத்தான் போகிறார். அவன் வந்துவிடுவான். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஜூலை 26, சனி

அசோக்குமார் மறுபடி போன் செய்தார். “சார் வர்றார்லம்மா?”

“பாப்போம் தம்பி” என்றேன்.

ஜூலை 30, புதன்

தம்பி மதுரைக்கு வந்துவிட்டான். உள்ளூர்ச் சேனலில் காட்டினார்கள். விமான நிலையத்தில் மாலை, செல்ஃபி. இளைத்திருக்கிறான்.

மீன் கடை முத்துத்தாய், “டீச்சர், அயிரையா? வீட்டுக்கு யாரு வாரா?” என்றாள். உயிரோடு துள்ளிய அயிரை. “தம்பி” என்றேன். சொன்னதும் எனக்கே சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உரசிக் கழுவி, புளி கரைத்து, அவனுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் தளர்வாக வைத்தேன். இவர் சவரம் செய்துகொண்டார். புதன்கிழமை இவர் சவரம் செய்து நான் பார்த்ததில்லை.

கேட் சத்தம் கேட்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். கூரியர். அப்புறம் தபால்.

ஜூலை 31, வியாழன்

நேற்று ஒத்திகை இருந்திருக்கும். இன்று வருவான். முத்துத்தாயிடம் மறுபடி மீன் வாங்கினேன். “நேத்து வரலையா?” என்றாள். பையை நீட்டினேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு நாங்களே சாப்பிட்டோம். இவர் தட்டில் மீனைத் தொடவில்லை.

போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன். அவனாக வரவேண்டும் என்று இவர் நினைக்கிறார், நான் கூப்பிட்டால் கெட்டுப்போகும். பொறுமை. வகுப்பில் பீக்கரை மூடிவைத்துச் சூடு பண்ணும்போது சொல்வேன்: கொதிக்கிறதா கொதிக்கிறதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், அதனாலேயே தாமதமாகும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. வீட்டில் மீன் இல்லை. இன்று பார்த்து வந்து நின்றால் சாம்பார்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

போகவில்லை.

காலையிலேயே இவர் கிட்டாரை உறையில் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார். பீரோ மேல் ஏற்றவில்லை. அதாவது, கடைசி நிமிடம் வரை எதிர்பார்க்கிறார். அசோக்குமார் எண்ணிலிருந்து மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எடுத்தேன். “கார் அனுப்பட்டுமாம்மா?” என்றார். இவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். “இல்ல தம்பி, நல்லபடியா நடக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நல்லபடியா நடக்கட்டும். என்ன பேச்சு அது? யாரோ மாதிரி.

சாயந்திரம் மொட்டை மாடிக்குப் போனோம். கச்சேரி நடக்கும் ரிங் ரோடு மைதானம் இங்கிருந்து நல்ல தூரம். ஆனாலும் காற்று இந்தப் பக்கம் அடித்ததால் ‘தும் தும்’ என்று மட்டும் வந்தது. கனத்த ஒலிதான் தூரம் போகும், மெல்லிய ஒலி வழியிலேயே தேய்ந்துவிடும். கோயில் திருவிழாவில் தூரத்துக்குத் தவில் கேட்கும், நாதஸ்வரம் கேட்காது என்று பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்வேன். அதனால் தம்பி குரல் எங்களுக்கு வரவில்லை. யாரோ ஒருவர் வாசிக்கிற பேஸ் மட்டும் வந்தது. இவர் கைப்பிடிச் சுவரில் விரலால் தட்டிக்கொண்டே, “கொஞ்சம் முந்துறான்” என்றார்.

ஓரிடத்தில் எல்லாச் சத்தமும் நின்றது. கொஞ்ச நேரமில்லை, நன்றாகவே.

“முடிஞ்சிருச்சா?” என்றேன்.

“கரண்ட் போயிருக்கும். ஜெனரேட்டர் மாத்துறாங்க” என்றார், பழைய உத்தியோக ஞாபகத்தில்.

பிறகு மறுபடி ஆரம்பித்தது. இறங்கி வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எப்படி எழுதுவது.

பதினொரு மணிக்கு அசோக்குமார் வந்தார். தனியாக. கையில் ஒரு தாம்பாளம், பட்டுத் துணி போட்டு மூடியது. இவர் கேட்டருகே ஓடினார் என்றே சொல்ல வேண்டும். பின்னால் வேறு யாராவது காரிலிருந்து இறங்குகிறார்களா என்று பார்த்தார். இல்லை.

“அண்ணன் காலையில சென்னை கிளம்பிட்டார்மா. இதைக் குடுத்துட்டு வரச் சொன்னார்.”

துணியை எடுத்தேன். வேட்டி, சட்டை. எனக்கு ஒரு சேலை. பழம். வெற்றிலை பாக்கு. வெற்றிலை ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. நேற்று வாங்கிய வெற்றிலை இல்லை அது.

“இது எப்ப வாங்குனது?” என்றேன்.

“புதன்கிழமைம்மா. ஏர்போர்ட்ல இருந்து நேரா போயி அண்ணனே பார்த்துப் பார்த்து வாங்கினார்.” அந்தப் பிள்ளை தயங்கினார். “அக்கா சாப்பிடக் கூப்பிடும், அப்ப கையோட கொண்டுபோயி மச்சானைக் கூப்பிட்டு வந்துருவேன்னாரு. ஊருக்கு வந்தவனை அக்கா வீட்டுல சோத்துக்குக் கூப்பிடாம இருக்க மாட்டாங்கன்னு. புதன், வியாழன் ரெண்டு மத்தியானமும் ஹோட்டல் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிட்டாரு. கல்யாணத்துக்கு வராத குத்தம் என்மேல இருக்கு, கூப்பிடாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசல்ல போயி நிக்கன்னாரு.”

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அவனும் முறைக்குத்தான் காத்திருந்திருக்கிறான். இங்கே அயிரை கொதித்துக்கொண்டிருந்தது, அங்கே அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நடுவில் இருந்தது ஒரு பஸ் தூரம்.

இவர் மெல்லக் கேட்டார். “நேத்து நடுவுல கரண்ட் போச்சா?”

“இல்லையே சார்.”

“சத்தம் நின்னுச்சே.”

அசோக்குமார் தரையைப் பார்த்தார். “‘கடைசி பஸ்’ பாட்டு சார். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தார். அந்த மும்பைக்காரர் நான் வாசிக்கட்டுமான்னு கேட்டதுக்கு, வேணாம், எங்க மச்சான் வருவாருன்னு சொல்லிட்டார். மைக்லயே சொன்னார். கூட்டமெல்லாம் அமைதியா நின்னுச்சு. டைரக்டர் காதுல கத்துறாரு. அப்பறம்… பேஸ் இல்லாமலே பாடிட்டார்.”

இவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இன்னொன்றும் சொன்னார். தம்பிக்குத் தொண்டையில் கட்டி. பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். பேச்சு வரும், பாட்டு வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். அதனால்தான் இறுதி மேடை. “யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாரு. அக்காகிட்ட நேர்ல சொல்லிக்கிறேன்னாரு.”

இந்த ஒரு வரியிலிருந்து என்னால் நகர முடியவில்லை. நேர்ல சொல்லிக்கிறேன்னாரு.

ஆகஸ்ட் 4, திங்கள்

பதில் தெரிந்தும் கையைத் தூக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். டீச்சர் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். நான் தேடித் தேடிக் கூப்பிடுவேன். “ஏய் ரெண்டாவது பெஞ்சு, உனக்குத் தெரியும்ல? எந்திரி.” எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு வார்த்தையில் எழுந்து நின்றிருக்கிறார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், கூப்பிடுவதில்தான் பாதிப் பாடம் என்று.

என் வீட்டில் இரண்டு பேர் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுமை வந்துவிட்டது. ஒரு போன். “தம்பி, சாப்பிட வாடா.” மூன்று வார்த்தை. இவர் சொன்னது, மச்சானைக் கூப்பிட வா என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதுதான். சோத்துக்குக் கூப்பிடாதே என்று அவர் சொல்லவே இல்லை. நான்தானே அவன் அக்கா. எனக்கே ஏன் தோணல? ஏன் தோணல எனக்கு?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போன் செய்தேன். எடுத்தான்.

“சாப்டியாடா?”

“சாப்டேன்க்கா.” குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது.

“நான் மீன் வாங்கி வச்சிருந்தேன்டா. ரெண்டு நாளும்.”

“அயிரையாக்கா?” என்றான்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. இவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். இருமினார். “மாப்ள, அந்த வேட்டி எனக்குக் கட்டையா இருக்கு” என்றார். கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் அந்த ‘மாப்ள’. அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, இவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

வேட்டி கட்டையெல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வருகிறோம் என்றதற்கு, பார்க்க விட மாட்டார்கள், தேறியதும் அவரே வருவார் என்றார் அசோக்குமார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இவர் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறார். கூடமெல்லாம் ஒயர். கால் வைக்க இடமில்லை. திட்டவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

சதுர்த்தி. கொழுக்கட்டை படைத்துவிட்டு டிவி முன் உட்கார்ந்தோம். ரிமோட்டை எடுத்து இவர் கையில் வைத்துக்கொண்டார், கொழுக்கட்டையைத் தொடவில்லை.

ராஜஸ்ரீயும் அவனும் பாடினார்கள். வயலினோடு ஒரு பாட்டு பாடினான், அனந்தபத்மநாபனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதுரைக் கூட்டம் மதுரைக் கூட்டம்தான், ஒருவன் கம்பத்தில் ஏறி நின்று சட்டையைச் சுழற்றினான். என் தம்பி எவ்வளவு பெரிய ஆள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்ததோ? தெரியும். ஆனால் அந்த வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

‘கடைசி பஸ்’ வந்தது. நேராகப் பாட்டிலேயே தொடங்கியது. மச்சான் வருவார் என்று சொன்னது இல்லை. எல்லாரும் நின்ற அந்த அமைதி இல்லை. வெட்டிவிட்டார்கள். ஒளிபரப்பில் சும்மா நிற்பதற்கு எவன் இடம் கொடுப்பான்? வெட்டிய இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம். பாட்டின் நடுவில் கேமரா ஒரு சுற்றுச் சுற்றியபோது, ஓரத்தில் ஒரு காலி நாற்காலி தெரிந்தது. பார்க்கிறவர்கள் யாரோ எழுந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

இவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெட்டி இன்னும் சரியாகவில்லை. அந்தச் சத்தமில்லாத கிட்டாரில், வாயை அசைக்கிற தம்பிக்கு, கூடவே வாசித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் கேட்டது. தடுமாறிய இடத்தில் இன்று தடுமாறவில்லை.

செப்டம்பர் 10, புதன்

நானே கூப்பிட்டேன். கேட்கவில்லை, சொன்னேன். “ஞாயித்துக்கிழமை வா. புரட்டாசி பிறந்துட்டா உன் மச்சான் மீன் திங்க மாட்டாரு.” அவன் பேசக் கூடாது, டாக்டர் உத்தரவு. போனைக் கையால் இரண்டு தடவை தட்டினான். சரியென்றுதான் அர்த்தம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வந்தான். கழுத்தில் மப்ளர் மாதிரி ஒரு துண்டு. அன்றைய காய்ந்த வெற்றிலைக்குப் பதில் இவருக்குப் பச்சை வெற்றிலையாக வாங்கி வந்திருந்தான். வாசலிலேயே இவர் கையில் கொடுத்துவிட்டு நின்றான். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எதற்கான அழைப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எந்தக் கச்சேரி இனிமேல்?

“மாப்ள, அங்கேயே நிக்கிறதா உத்தேசமா? மீன் ஆறுது” என்றார் இவர்.

சாப்பிட்டான். முள்ளெல்லாம் ஒதுக்காமல், சிறுசில் சாப்பிட்ட அதே அவசரம். போதுமா என்றால் தட்டை நகர்த்தி இன்னும் என்று காட்டினான். நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். வேண்டாம்டா என்று தலையில் கை வைத்தேன்.

பிறகு இவர் பெட்டியைப் போட்டார். அது வேலை செய்கிறது. ஜன்னல் கம்பியெல்லாம் அதிர, பஸ் எஞ்சின் உறும ஆரம்பித்தது. தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரில் ஒற்றை விரலால் தட்டினான். பாட்டு வரவேண்டிய இடம் வந்தது. அவன் மூச்சை இழுத்தான். பழக்கம். அப்படியே விட்டான்.

இவர் நிறுத்தவில்லை. பாடுகிறவனுக்கு விட வேண்டிய இடமெல்லாம் விட்டு விட்டு, பாட்டு முடியும் வரைக்கும் வாசித்தார்.

இரண்டு பேரும் இப்போது கூடத்தில் பாயைப் போட்டுத் தூங்குகிறார்கள். சட்டியில் குழம்பு கொஞ்சம் இருக்கிறது. மறுநாள் குழம்புதான் அவனுக்குப் பிடிக்கும். நாளை மத்தியானம் வரை இருப்பான்.